அம்மா, நீங்க எந்த அடுப்புல சமைச்சீங்க?

கொஞ்சம் நீளமான இழை. விறகடுப்பின் வரலாறும், அதைப் பத்திரமாக எரிக்கும் முறையும் இதில் இருக்கு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. படிச்சுட்டு வீட்டுல இருக்குற பெரியவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அது என்ன கேள்வின்னு தலைப்பிலேயே இருக்கு.

1.

சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு நைட் டூட்டி. 57 வயது அம்மா ஒருவர். மூச்சுத்திணறல். உதடு நீலம் பாரிச்சிருக்கு. இரண்டு கால்களிலும் வீக்கம், விரலால அழுத்தினா குழி விழுது.

ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்து, கொஞ்சம் நிலைமை சரியான பிறகு பழைய கேஸ் ஷீட்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷத்துல இது நாலாவது அட்மிஷன். முந்தைய மூன்று கேஸ் ஷீட்டிலும் "புகைப்பழக்கம்: இல்லை" என்று எழுதியிருந்தது.

மூன்றிலும் அது என் கையெழுத்து.

கூட வந்த மகள்தான் சொன்னாங்க. "சார், மழை பேஞ்சு விறகு ஈரமாயிட்டா அம்மாவுக்கு இழுப்பு ஜாஸ்தியாயிடும்."

அப்போதான் கேட்டேன். "அம்மா, நீங்க எந்த அடுப்புல சமைச்சீங்க? எத்தனை வருஷமா?"

"வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து விறகடுப்புதான் சாமி. நாப்பது வருசம் ஆச்சு. சோறு, குழம்பு, குளிக்கத் தண்ணி, மாட்டுக்குக் கஞ்சி, எல்லாம் அதுலதான்."

தினமும் சுமார் நாலு மணி நேரம். நாற்பது வருஷம். சீமைக்கருவேல விறகு, பருத்திமார், தென்னை மட்டை. சன்னல் இல்லாத அடுப்படி.

வாழ்க்கையில் ஒரு பீடி கூட தொடாத அந்த அம்மாவுக்கு இருந்தது, பல வருஷம் பீடி குடித்தவருக்கு வருகிற அதே நுரையீரல் நோய்.

2.

அந்த நோயின் பெயர் சிஓபிடி. நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் வருஷக்கணக்கில் புண்பட்டு, தடித்து, சுருங்கிவிடும். காற்று உள்ளே போகும், முழுசா வெளியே வராது.

அப்படிக் கெட்டுப்போன நுரையீரலுக்குள் ரத்தத்தை அனுப்ப இதயத்தின் வலது பக்கம் கூடுதல் அழுத்தம் கொடுத்து வேலை செய்யணும். பல வருஷம் அப்படி உழைத்து அந்தப் பக்கம் வீங்கித் தளர்ந்துவிடும். கால் வீங்கும், கல்லீரல் வீங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். இதை கார் பல்மோனேல் என்கிறோம். நுரையீரல் கெட்டதால் இதயமும் கெட்டுப்போகும் நிலை.

நான் நுரையீரல் நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். ஆனால் அன்றைக்கு நான் கேட்ட கேள்வியை, எனக்கு அறுபது வருஷத்துக்கும் முன்னாடியே ஒரு தமிழ்ப் பெண் மருத்துவர் டெல்லியில் கேட்டு, பதிலை எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கதையில் இருந்து ஆரம்பிக்கலாம்.

3.

டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தபோது, ஆண்களை அங்கேயே விட்டுவிட்டு அம்மாவும் பெண் பிள்ளைகளும் கோயம்புத்தூருக்குத் தப்பி வந்தார்கள். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் இதய மருத்துவம் படித்துவிட்டு, 1950களில் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் இவர்தான்.

டெல்லி வார்டில் அவர் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. கார் பல்மோனேல் என்பது மேலைநாட்டுப் புத்தகங்களில் வயதான, புகைபிடிக்கும் ஆண்களின் நோய். ஆனால் டெல்லியில் அது பெண்களுக்கும் நிறைய வந்தது. அதுவும் ஆண்களை விட இளம் வயதில். அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்கள் புகைபிடிக்காதவர்கள்.

1959-ல் 127 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 'சர்குலேஷன்' என்ற இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். காற்றோட்டம் இல்லாத அறையில் விறகும் வரட்டியும் எரிக்கிற புகை பெண்களுக்கு இந்த நோய் வர ஒரு காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார்.

1959. நல்லா கவனிங்க. சிகரெட் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியிட்டதே 1964-ல் தான்.

4.

இதில் இன்னொரு விஷயம். பத்மாவதி அம்மா நோயைக் கண்டுபிடித்து எழுதுவதற்கு முன்னாடியே மருந்து தயாராக இருந்தது. அந்த மருந்துக்குப் பெயர் புகைபோக்கி.

காந்தி 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. தன் கடைசிக் காலத்தை மதுரை பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தாரே, அவரேதான். அந்தச் சங்கத்தின் தலைமை இடம் வார்தாவில் இருந்த மகன்வாடி. செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு என்று ஆய்வு நடந்த அதே வளாகத்தில் இருந்து 1940களில் ஒரு மண் அடுப்பும் வந்தது. பெயர் மகன் சுல்ஹா.

ஐதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் இன்னொரு புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஹெர்ல் சுல்ஹா' என்று பெயர். கோடிக்கணக்கான மக்களுக்கு புகையில்லா சமையலறை வேண்டும் என்று அவர் எழுதிய புத்தகம் 1953-ல் நம்ம சென்னையில்தான் அச்சானது.

யோசிச்சுப் பாருங்க. அணை, பாலம் கட்டுகிற ஒரு பொறியாளர் உட்கார்ந்து மண் அடுப்புக்கு வரைபடம் போட்டிருக்கிறார்.

5.

அந்த அடுப்பில் அப்படி என்ன விசேஷம்? இதைப் புரிந்துகொள்ள, விறகு எப்படி எரியுது என்பதைத் தெரிந்துகொள்ளணும்.

விறகுக்கட்டை நேரடியாக எரிவதில்லை. மூணு கட்டமா நடக்கும்.

முதல்ல, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகும். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைக்கும் கூட தண்ணீர் இருக்கும். நெருப்பின் சூடு முதலில் இந்தத் தண்ணீரைக் காய்ச்சத்தான் செலவாகும்.

இரண்டாவது, சூடு 250, 300 டிகிரியைத் தாண்டும்போது மரத்தில் இருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வரும். இந்த வாயு எரிவதைத்தான் நாம் சுடர் என்கிறோம். விறகின் சக்தியில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கு.

மூன்றாவது, மிச்சமிருக்கும் கரி கனன்று எரியும்.

அந்த வாயு முழுசா எரிய நல்ல சூடும் காற்றும் வேணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாயு எரியாமலேயே வெளியே போயிடும். அதுதான் புகை. அதாவது நீங்க சுமந்து வந்த விறகில் ஒரு பகுதி அடுப்பில் எரியாமல் உங்க கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போகுது.

சாதாரண விறகடுப்பில் விறகின் மொத்த வெப்பத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் என்பது பொதுவான கணக்கு. மீதி சுவருக்கும் காற்றுக்கும்.

ராஜு செய்தது இதுதான். அடுப்பின் வாயில் வைக்கிற நெருப்பு, மண்ணுக்குள் ஒரு பாதை வழியாக அடுத்தடுத்த பானைகளின் அடியைத் தொட்டுக்கொண்டு போகும். கடைசியில் மிச்சப் புகை குழாய் வழியாக கூரைக்கு மேலே போகும். நம்ம ஊர் கொடி அடுப்பில் பக்கத்துக் குழிக்கு சூடு போகுமே, அதற்கு ஒரு புகைபோக்கியும், காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தகடும் வைத்த மாதிரி.

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். அது குழாயில் ஏறும்போது அடுப்பு வாயில் இருந்து புதுக்காற்றை இழுக்கும். ஊதாங்குழலை எடுத்து ஊத வேண்டிய அவசியமே குறையும்.

6.

அப்புறம் ஏன் 2020களில் என் வார்டில் அந்த அம்மா?

1950களில் சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் கிராம சேவக்குகள் ஊர் ஊராகப் போய் புகையில்லா அடுப்பை அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அது பரவவில்லை. அணை, உரம், மின்சாரம் என்று நாடு பேசிக்கொண்டிருந்த காலம். அடுப்படிப் புகை யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

மறுபடி அடுப்பு பேச்சுக்கு வந்தது 1970களில். காரணம் பெண்களின் நுரையீரல் இல்லை. காடு.

1973-ல் எண்ணெய் விலை உலகம் முழுக்க எகிறியது. அதே சமயத்தில், ஏழை நாடுகளில் விறகுக்காகவே காடு அழிகிறது என்ற பேச்சு வலுத்தது. விறகு குறைவாக எரிக்கும் அடுப்பைக் கண்டுபிடித்தால் காடு தப்பிக்கும் என்று நினைத்தார்கள். (காடழிவுக்கு விறகு மட்டுமே காரணம் இல்லை என்பது பிறகு தெரியவந்தது.)

7.

அந்த ஆர்வத்தில் சில தப்புகளும் நடந்தன. அவற்றில் ஒன்று ரொம்ப சுவாரசியமானது.

மத்திய அமெரிக்காவில் கௌதமாலா என்று ஒரு நாடு. 1976-ல் அங்கே பெரிய நிலநடுக்கம். மறுசீரமைப்பு வேலையோடு லொரேனா என்ற அடுப்பு பிரபலமானது. களிமண்ணும் மணலும் கலந்து பெரிய திண்ணை மாதிரி கட்டி, அதைக் குடைந்து செய்யும் அடுப்பு. பார்க்க அழகாக இருக்கும், புகையும் வெளியே போகும். உலகம் முழுக்க நகல் எடுத்தார்கள்.

பிறகு ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மூணு கல் அடுப்பை விட அது அதிக விறகு தின்னும் என்பது! அவ்வளவு மண் இருக்கே, அது முதலில் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். பானைக்கு அப்புறம்தான்.

இந்தத் தப்பில் இருந்து கற்றுக்கொண்டு, 1980களில் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி ராக்கெட் அடுப்பு என்ற வடிவத்தை உருவாக்கினார். சின்ன வாய், குறுகிய எரியறை, அதைச் சுற்றி சூட்டை உறிஞ்சாத லேசான பொருள். கனமான மண் அடுப்பு சூட்டைப் பிடித்து வைத்து விறகை மிச்சப்படுத்தும் என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். சமையலுக்கு அது சரியில்லை.

8.

இந்தியாவில் 1983-ல் தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கியது. உலகின் மிகப்பெரிய அடுப்புத் திட்டங்களில் ஒன்று. 2002 வரைக்கும் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கொடுக்கப்பட்டன. நம்மில் பலருடைய பாட்டி வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வைத்த ஒரு அடுப்பு இருந்திருக்கும். அந்தக் காலத்து அடுப்புதான்.

அதற்குக் கொஞ்சம் முன்னாடி, சண்டிகர் பக்கம் நாடா என்ற கிராமத்தில் மது சரின் என்ற கட்டிடக்கலைஞர் ஒரு வேலை செய்தார். அவர் வரைபடத்தைத் திணிக்காமல், அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் பாத்திர அளவு என்ன, எப்படி உட்கார்ந்து சமைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அடுப்பை மாற்றினார். அடுப்பு கட்ட அந்தப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார். அதுதான் நாடா சுல்ஹா. காலங்காலமா வீட்டு அடுப்பை மண் குழைத்துப் போடுவதே பெண்கள்தானே? அவர்களை மேஸ்திரி ஆக்கியது ரொம்ப சரியான யோசனை.

ஆனால் நாடு முழுக்க இலக்கு வைத்து எண்ணிக்கை காட்டும்போது இந்தப் பொறுமை இருக்காது. எத்தனை அடுப்பு கட்டினோம் என்பதற்குக் கணக்கு இருந்தது. அடுத்த வருஷம் எத்தனை எரியுது என்பதற்கு அந்த அளவுக்கு அக்கறை இல்லை.

9.

புகைபோக்கி அடுப்பு வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்க. என்ன ஆச்சுன்னு அவங்களே சொல்வாங்க.

குழாயில் கரி படியும். இழுப்பு குறையும். புகை பழையபடி வாய் வழியாகவே வீட்டுக்குள் வரும். குழாயைச் சுத்தம் பண்ணணும்னா கூரையில் ஏறணும். சேலை கட்டிய பெண் ஓட்டுக் கூரையில் ஏற முடியுமா? ஆம்பளைங்களுக்கு அது அவசரமான வேலை இல்லை. குழாய் உடைந்தால் மாற்றுக் குழாய் கிடைக்காது. குழாய் போன ஓட்டை வழியா மழைத்தண்ணி ஒழுகும். பானை பெருசு, அடுப்பு வாய் சின்னது, அதனால் வாயைக் கொத்திப் பெருசாக்கிடுவாங்க. அதோடு அந்தப் பொறியாளர் போட்ட கணக்கு முடிந்தது.

கடைசியில் ஆபீசர்கள் சொன்னது, "மக்கள் ஒழுங்கா பராமரிக்கல." குறை அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது.

10.

பிற்காலத்தில் இரண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின.

ஒடிசாவில் சுமார் 2,600 வீடுகளை எடுத்துக்கொண்டு, புகைபோக்கி அடுப்பு கொடுத்து, நான்கு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆய்வு செய்தவர்களில் ஒருவர், பிறகு நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோ. முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பராமரிப்பதும் குறைந்துவிட்டது. நுரையீரலிலும் எந்த முன்னேற்றமும் இல்லை.

அதே கௌதமாலாவில் 2000களின் தொடக்கத்தில் இன்னொரு ஆய்வு, ரெஸ்பயர் என்று பெயர். அங்கேயும் புகைபோக்கி அடுப்புதான். ஆனால் ஆய்வுக்குழு வீடு வீடாகத் தொடர்ந்து போய் அடுப்பைப் பார்த்து, பழுது இருந்தால் சரிசெய்தது. குழந்தைகளுக்குப் போன புகையின் அளவு பாதியாகக் குறைந்தது. மொத்த நிமோனியாவில் வந்த குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் கடுமையான நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

என் வார்டு அனுபவத்தில் சொல்றேன். இன்ஹேலரைக் கையில் கொடுத்துவிட்டு, இழுக்கிற முறையைச் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினால் நோயாளிக்குக் குணமாகாது. அடுப்பும் அப்படித்தான்.

11.

இந்த இரண்டாவது ஆய்வின் பின்னால் இருந்த முக்கியமான ஆள் கிர்க் ஸ்மித். அமெரிக்கர். 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களுக்கு வந்து, சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கிற காற்றை அளந்தார். நகரத்தில் மைக்ரோகிராம் கணக்கில் பேசுகிற தூசியை, அடுப்படியில் மில்லிகிராம் கணக்கில் பேச வேண்டியிருந்தது. தொழிற்சாலைச் சிம்னியைப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தை அடுப்படிப் பக்கம் திருப்பியவர்களில் அவர் முக்கியமானவர். சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டு கிராம வீடுகளில் இதே மாதிரி அளந்து நிறைய எழுதியிருக்கிறார்கள்.

கிர்க் ஸ்மித் 2020 ஜூனில் இறந்தார். பத்மாவதி அம்மா அதே வருஷம் ஆகஸ்டில், 103 வயதில், கொரோனாவில் இறந்தார். அந்த வருஷம் நாங்க எல்லாரும் கோவிட் வார்டில் இருந்தோம். இந்த இரண்டு சாவும் எனக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

12.

"இப்போ எல்லாரும் கேஸ் அடுப்புக்கு வந்தாச்சே டாக்டர்?"

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2007-ல் இலவச கேஸ் அடுப்புத் திட்டம் வந்தது. 2016 மே 1-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம். இரண்டும் நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்தன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சமையலுக்கு கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள். இந்திய அளவில் சுமார் 59 சதவீதம்.

ஆனால் வீட்டில் சிலிண்டர் இருப்பது வேறு, விறகு எரியாமல் இருப்பது வேறு. சிலிண்டர் டீக்கும் தாளிப்புக்கும். சோறு வடிக்க, தண்ணி காய்ச்ச, மாட்டுக்குக் கஞ்சி வைக்க, கொல்லையில் விறகடுப்பு. கூலி வேலைக்குப் போகிறவங்களுக்கு சிலிண்டருக்கு மொத்தமா பணம் புரட்டுவது கஷ்டம். விறகு பொறுக்கினா கிடைக்கும். அவங்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

முடிந்தவர்கள் கேஸுக்கு மாறுங்க, அதுதான் என் முதல் ஆலோசனை. முடியாதவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது இல்லையா? அதனால் அடுத்த பகுதி அவர்களுக்கு.

13.

விறகடுப்பை எரிக்கும் முறை:

விறகு காயணும். வெட்டின கட்டையைப் பிளந்து, தரையில் படாமல், காற்று போகிற மாதிரி அடுக்கி, மேலே மழை படாமல் மூடுங்க. பிளக்காத உருண்டைக் கட்டை உள்ளே காயாது. ஆறு மாதம் காய்ந்தால் நல்லது. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்க. காய்ந்தது "டங்"னு கேட்கும், ஈரமானது "தொப்"னு கேட்கும்.

மழைக்காலத்துக்கு ஒரு மாத விறகை முன்கூட்டியே வீட்டுக்குள் எடுத்து வையுங்க. ஆனால் அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒட்டி வைக்காதீங்க. தீப்பிடிக்கும்.

மெல்லிசா பிளங்க. மணிக்கட்டு கனத்துக்கு மேல வேண்டாம்.

அடுப்பு வாயை அடைக்காதீங்க. இரண்டு மூன்று கட்டை போதும். நுனி மட்டும் எரியணும், எரிய எரிய உள்ளே தள்ளணும். நிறைய திணித்தால் காற்று போகாது, புகைதான் வரும்.

அடியில் ஒரு இரும்புக் கம்பி வலை அல்லது நாலு கம்பி வைத்து விறகைக் கொஞ்சம் உயர்த்துங்க. கீழே இருந்து காற்று வரும். சாம்பலைத் தினமும் அள்ளுங்க. சாம்பல் நிறைந்தால் அந்த வழி அடைபடும்.

சுடர் மஞ்சளா, சுறுசுறுப்பா எரியணும். புகைந்துகொண்டே இருந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதாது. இரண்டில் ஒன்றுதான்.

பாத்திரத்தை மூடிச் சமைங்க. பருப்பு, பயறு வகைகளை முன்னாடியே ஊற வையுங்க. கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்து, தணலில் வேகவிடுங்க. அடுப்பு முன்னாடி உட்காரும் நேரம் குறையும். நுரையீரலுக்கு அந்த நேரம்தான் கணக்கு.

புகைபோக்கி இருந்தால் மாதம் ஒரு முறை கரியைத் தட்டுங்க. குழாயின் உச்சி கூரைக்கு மேல இரண்டு மூன்று அடி நிற்கணும். ஓலைக் கூரை என்றால் குழாய் ஓலையில் நேரடியாகப் படவே கூடாது. ஏறிச் சுத்தம் பண்ற வேலை வீட்டு ஆண்களுடையது. இதை ஒரு டாக்டரா எழுதிக் கொடுக்கிறேன், வேணும்னா பிரிஸ்கிரிப்ஷன்லயே எழுதறேன்.

புகைபோக்கி இல்லையா? அடுப்பைக் கொல்லைக்கு, திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றுங்க. அதுவும் முடியலன்னா அடுப்புக்கு மேல் சுவரில் இரண்டு செங்கல்லை எடுத்து வழி விடுங்க. எதிரே ஒரு சன்னல். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துச் சமைக்காதீங்க. கர்ப்பிணிகளை அடுப்புப் பக்கம் முடிந்தவரை விடாதீங்க.

14.

செய்யவே கூடாதவை:

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைக்காதீங்க. தணல் இருக்கும் அடுப்பில் ஊற்றி வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் கவர், பால் பாக்கெட், பழைய செருப்பு, டயர் துண்டு, பெயின்ட் அடித்த பலகை எதையும் எரிக்காதீங்க. நச்சுப் புகை.

நைலான் சேலை, தொங்கும் முந்தானை, துப்பட்டாவோடு அடுப்பு முன்னாடி உட்காராதீங்க. பருத்தி உடுத்தி, முந்தானையைச் செருகிக்கோங்க.

மூடிய அறைக்குள் தணல் சட்டி, கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீங்க. மலைப்பிரதேசத்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். புகையே தெரியாத கரித்தணலில் இருந்துதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம். தூக்கத்திலேயே உயிர் போகும்.

தீக்காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. பேஸ்ட், மை, மாவு எதுவும் பூசாதீங்க. சுத்தமான துணியால் மூடி உடனே மருத்துவமனை.

15.

கடைசியா, என் சக மருத்துவர்களுக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும்.

"புகைப்பழக்கம் உண்டா?" என்பதோடு நிறுத்தாதீங்க. எந்த அடுப்பு, தினம் எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்று கேளுங்க. மணி நேரத்தையும் வருஷத்தையும் பெருக்குங்க. கர்நாடக கிராமப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில் இந்த எண் 60-ஐத் தாண்டும்போது நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சிக்கான ஆபத்து கூடுவது தெரிந்தது. என் நோயாளிக்கு அந்த எண் 160.

படிக்கிற மற்றவர்களுக்கு. உங்க அம்மாவோ, அப்பத்தாவோ, அத்தையோ மாடி ஏறும்போது நின்று நின்று ஏறுகிறார்களா? வருஷத்துக்கு மூன்று நாலு தடவை சளி இருமல் வாரக்கணக்கில் இழுக்குதா? "வயசாச்சுல்ல" என்று விட்டுடாதீங்க. ஸ்பைரோமெட்ரி என்று ஒரு ஊதும் பரிசோதனை இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்வார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் காசநோய்க்கும் சளிப் பரிசோதனை. சிஓபிடியை முழுசா குணப்படுத்த முடியாது. ஆனால் இன்ஹேலர், தடுப்பூசி, புகையில் இருந்து விலகுவது, இந்த மூன்றும் சேர்ந்தால் வார்டுக்கு வருவதைக் குறைக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் வீட்டுப் புகையால் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர்.

அந்த அம்மா ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் ஆனாங்க. இந்தத் தடவை கேஸ் ஷீட்டில் "புகைப்பழக்கம்: இல்லை" என்பதற்குக் கீழே, "விறகடுப்பு, நாள் ஒன்றுக்கு 4 மணி நேரம், 40 வருஷம்" என்று எழுதினேன். மகன் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றியிருக்கிறார். மாட்டுக் கஞ்சி மட்டும் இன்னும் விறகில்தான், அதை இப்போ அவர்தான் காய்ச்சுகிறாராம்.

போன வாரம் ஓபியில் இன்ஹேலர் வாங்க வந்தாங்க. "மூச்சு பரவால்ல சாமி. ஆனா அவன் வைக்கிற கஞ்சியை மாடு குடிக்க மாட்டேங்குது"ன்னாங்க.

அந்தக் கேள்வியை மறக்காம கேளுங்க.